உடம்பு தாத்தா, மூளை பேரன்

ஜெர்மனியில் ஏதோ ஒரு வீட்டுப் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரண் என்றால் உலகமெங்கும் ஒன்றுதான். உடைந்த நாற்காலி, பழைய ட்ரங்குப் பெட்டி, யாருக்கும் தேவைப்படாத, ஆனால் தூக்கிப் போடவும் மனசு வராத சாமான்கள். அவற்றுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி. திறந்தால், பழுப்பேறிய செய்தித்தாளில் சுற்றிவைத்த குட்டி ரயில் இன்ஜின். கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். உள்ளங்கையில் வைத்தால் கல் மாதிரி கனக்கிறது. 1950-களில் எப்போதோ தாத்தாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது.

இப்போது ஓடுமா?

தூசு தட்டி, காய்ந்துபோன பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய ட்ரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால் அநேகமாக ஓடிவிடும். அந்தக் காலத்துச் சரக்கு! ஆனால், பேரன் வீட்டு ஹாலில் விரித்து வைத்திருக்கும் புது ரயில் செட்டில் வைத்தால் கதை கந்தல். ஏனென்றால் பேரனின் தண்டவாளம் கம்ப்யூட்டர் பாஷை பேசுகிறது. தாத்தாவின் இன்ஜினுக்கு அது தெரியாது.

என்ன செய்யலாம்? கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கலாம். விற்றுக் காசாக்கலாம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. வயிற்றைத் திறந்து, விரல் நுனி அளவுள்ள ஒரு மின்னணுப் பலகையை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். உடம்பு பழசு, மூளை புதுசு.

‘பொம்மை ரயில் கதையா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் வாங்குகிற செல்போன் நாலைந்து வருஷத்தில் ‘இதுக்கெல்லாம் இனிமே பார்ட்ஸ் வராது சார்’ ஆகிவிடுகிறது. எழுபது வயதுப் பொம்மை ஒன்று மட்டும் புது வித்தை கற்றுக்கொண்டு மறுபடி ஓடுகிறது என்றால், அது எப்படி? அந்த ரகசியம் கொஞ்சம் பெரிய சமாசாரம்.

1859-லிருந்து ஆரம்பிக்கலாம்.

ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் தியோடர் மெர்க்ளின் என்கிற தகரக் கைவினைஞர், பெண் குழந்தைகள் விளையாடுகிற சொப்புச் சாமான்கள் செய்து விற்க ஆரம்பித்தார். ஏழே வருஷத்தில் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அவர் மனைவி கரோலின். பெண்கள் வியாபார விஷயமாக ஊர் ஊராகப் போவது வழக்கமில்லாத காலம். அந்த அம்மாள் போனார். இருபது வருஷத்துக்கும் மேல் தாக்குப்பிடித்துப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்தார்.

1891-இல் லீப்ஸிக் நகரத்துச் சந்தையில் மெர்க்ளின் ஒரு பொருளைக் காட்சிக்கு வைத்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில். பொம்மை ரயில் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் இவர்கள் தண்டவாளத்தின் அகலத்துக்கு அளவு நிர்ணயித்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் ஒரு வட்டம் வாங்குங்கள். அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு பெட்டி. அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்டேஷன். எப்போது வாங்கினாலும் பழையதோடு பொருந்தும்.

வியாபார தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு வாக்குறுதியும் இருந்தது. ‘இன்று வாங்குவது நாளைக்கு வீணாகாது.’ நம் கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்சாரம் வந்தது. அமெரிக்காவில் 1900-இல் ஜோஷுவா லயனல் கோவன் என்கிற இளைஞர், கடைக்காரர்கள் ஷோகேஸில் வைப்பதற்காக, தானாக வட்டமடிக்கிற ஒரு குட்டி வண்டி செய்தார். அதற்குள் சரக்கை வைத்து ஓடவிட்டால் வாடிக்கையாளர் நின்று பார்ப்பார் என்பது திட்டம். நின்று பார்த்தவர்கள், ‘சரக்கு கிடக்கட்டும், அந்த வண்டி என்ன விலை?’ என்று கேட்டார்கள். லயனல் கம்பெனி பிறந்த கதை அதுதான்.

1935-இல் மெர்க்ளின், சாப்பாட்டு மேஜையிலேயே விரிக்கிற மாதிரி சிறிய ரயிலைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அசல் ரயிலில் கிட்டத்தட்ட 87-இல் ஒரு பங்கு. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் பேர் ஓட்டுவது இந்த அளவைத்தான். அதே 1935-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் மாடல் ரயில் பைத்தியங்கள் கூடி ஒரு தேசியச் சங்கம் ஆரம்பித்தார்கள். காரணம்? ஒரு கம்பெனி பெட்டியின் கொக்கி இன்னொரு கம்பெனி பெட்டியில் மாட்டவில்லை! எல்லாருக்கும் பொதுவாக அளவுகள் வேண்டும் என்பதுதான் சங்கத்தின் முதல் கோரிக்கை. இந்தச் சங்கமும் பின்னால் வரும்.

சரி, அந்தக் கால இன்ஜின் எப்படி வேலை செய்தது?

உங்கள் வீட்டில் நாலு ஃபேன். நாலுக்கும் சேர்த்து ஒரே ரெகுலேட்டர். திருப்பினால் நாலும் வேகமாகச் சுற்றும். குறைத்தால் நாலும் மெதுவாகும். தாத்தா தாங்கமுடியாமல் ஃபேனை நிறுத்தினால் பாட்டிக்கு வியர்க்கும். அதுதான் அன்றைய பொம்மை ரயில். தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் அதில் நிற்கிற எல்லா இன்ஜினும் ஓடும். குறைத்தால் எல்லாம் நிற்கும். பின்னால் போக வேண்டுமா? பல கம்பெனிகளின் ரயிலில் பாசிட்டிவ், நெகட்டிவைத் தண்டவாளத்திலேயே மாற்றிவிட வேண்டும். மெர்க்ளின் ரயில் ஏசி கரண்டில் ஓடியதால் அங்கே வேறு உபாயம். ஓடுவதற்கு 16 வோல்ட். திடீரென்று 24 வோல்ட் உதை ஒன்று விட்டால், உள்ளே இருக்கும் ரிலே ‘டக்’கென்று விழுந்து திசையை மாற்றிவிடும். பரணிலிருந்து எடுத்தோமே, அந்த இன்ஜினின் மூளை என்று சொல்லத்தக்கது இந்த ரிலே ஒன்றுதான். ஒரு சின்ன காயில், ஒரு ஸ்பிரிங், ஒரு தகரத் துண்டு.

ஒரு ரயில் ஓட்டுகிறவரை இது போதும். இரண்டாவது ரயில் வந்ததும்தான் தலைவலி. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர், தனி சுவிட்ச். பெரிய அமைப்பென்றால் மேஜைக்கு மேலே மலையும் பாலமும் அழகாக இருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்!

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-லிருந்து ஒரு மாடல் ரயில் கிளப் உண்டு. அந்த மாணவர்கள் அசலான டெலிபோன் ரிலேக்களைக் கொண்டுதான் ரயில்களைக் கட்டுப்படுத்தினார்கள். மேஜைக்கு அடியிலேயே குடியிருந்த பையன்கள் சிலர், அடுத்து வளாகத்துக்கு வந்த கம்ப்யூட்டரின் அடியிலும் புகுந்தார்கள். இன்று நாம் சகஜமாகச் சொல்கிற ‘ஹேக்கர்’ என்கிற வார்த்தை இந்த அர்த்தத்தில் வளர்ந்தது அந்த கிளப்பில்தான். 1962-இல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸல் அங்கே உறுப்பினர்.

தலைவலிக்கு மருந்து தேடாமலா இருந்தார்கள்? தேடினார்கள். 1946-லேயே லயனல் கம்பெனி ரேடியோ அலையில் இயங்கும் செட் ஒன்றை விற்றது. சில வருஷத்தில் காணாமல் போயிற்று. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு முறை கண்டுபிடித்தது. ஒரே தண்டவாளத்தில் ஐந்து இன்ஜின், ஐந்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. பிரமாதம்தான். அதுவும் போயிற்று. 1979-இல் பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனி மைக்ரோபிராசஸர் வைத்து, ஒரே நேரத்தில் 16 இன்ஜின்களை ஓட்டிக் காட்டியது. சில வருஷங்களில் அதற்கும் மூடுவிழா.

ஏன் எல்லாம் போயின? பாகங்கள் பெரிசு, விலை அதிகம் என்று காரணங்கள் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தது. இந்தக் கம்பெனி ரயிலுக்கு அந்தக் கம்பெனி கன்ட்ரோலர் உதவாது. கம்பெனி கையை விரித்த மறுநாள், அதை நம்பி வாங்கியவர்கள் எல்லாரும் அநாதைகள். மூளையை மாற்றிக்கொண்ட இன்ஜின்களும்தான்.

இந்த இடத்தில் ஓர் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை உலகத்துக்குப் பாடகராகத் தெரியும். நீல் யங். கிடாரும் கையுமாக லட்சக்கணக்கான ரசிகர்களைக் கட்டிப்போட்டவர். அவருடைய மகனுக்கு மூளை முடக்குவாதம். கை கால் நினைத்தபடி அசையாது, பேச வராது. அப்பாவுக்கும் மகனுக்கும் பொதுவாக இருந்த சந்தோஷம், பொம்மை ரயில். ஆனால் ரயில் ஓட்டுவதற்கு லீவரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். அந்தப் பிள்ளையால் அது முடியாது. பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கமுடியும்.

அப்பா சும்மா இருப்பாரா? பெரிய பட்டன் ஒன்றை அழுத்தினால் போதும், ரயில் கிளம்பும் என்கிற மாதிரி தானே ஒரு சாதனம் அமைக்க ஆரம்பித்தார். அந்த வேலை அப்படியே வளர்ந்தது. அப்போதைய லயனல் முதலாளியோடு கைகோத்தார். 1990-களின் நடுவில் அது லயனலின் புதிய கட்டுப்பாட்டு முறையாகக் கடைக்கே வந்துவிட்டது. 1995-இல் நீல் யங் லயனல் கம்பெனியின் பங்குதாரராகவும் ஆனார். புது இன்ஜின்கள் மட்டுமல்ல, பழைய லயனல் இன்ஜின்களும் உள்ளே ஒரு போர்டைப் பொருத்திக்கொண்டு இந்த முறைக்கு மாறின.

மின்னணுச் சில்லு பொம்மைக்குள் போனதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு பதில் போதும். லீவரைத் திருப்பமுடியாத பிள்ளைக்கும் டிரைவர் சீட் கிடைத்தது.

ஆனாலும் அது லயனல் பாஷை. எல்லாருக்குமான பொது பாஷை வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியில், கீஸன் நகரத்தில், பெர்ன்ட் லென்ட்ஸ். எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி. 1980-களின் நடுவில் மெர்க்ளின் தன்னுடைய டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்துவிட்டது. 80 இன்ஜின்களுக்குத் தனித்தனி நம்பர்! அது மெர்க்ளினின் ஏசி ரயிலுக்கு. இரண்டு தண்டவாளத்தில் ஓடும் டிசி ரயில்களுக்காக மெர்க்ளினும் ஆர்னால்ட் கம்பெனியும் லென்ட்ஸிடம் வேறொரு முறையை உருவாக்கச் சொன்னார்கள். செய்து கொடுத்தார். நாளடைவில் அந்த இரு கம்பெனிகளும் விலகிக்கொண்டாலும் லென்ட்ஸ் விடவில்லை.

இங்கேதான் மில்வாக்கி சங்கம் மறுபடி வருகிறது. கொக்கிக்காகக் கூடியவர்கள், 1990-களில் மின்னணு பாஷைக்காகக் கூடினார்கள். பல முறைகளை ஆராய்ந்தார்கள். லென்ட்ஸின் முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு, மேலும் விரிவாக்கி, யார் வேண்டுமானாலும் பார்த்துத் தயாரிக்கலாம் என்று பொதுத் தரமாக வெளியிட்டார்கள். டிசிசி என்று பெயர்.

அது எப்படி வேலை செய்கிறது? மறுபடி ஃபேனுக்கே வாருங்கள். இப்போது ரிமோட் ஃபேன் வந்திருக்கிறதே, அதற்கு எப்போதும் முழு கரண்ட் போய்க்கொண்டிருக்கும். வேகத்தைத் தீர்மானிக்கிற மூளை ஃபேனுக்குள்ளேயே இருக்கும். இதுவும் அப்படித்தான். தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம். அந்த மின்சாரமே திசை மாறி மாறித் துடிக்கிறது. ஒரு துடிப்பின் பாதி 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’. மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்தால் வாக்கியம். ‘மூன்றாம் நம்பர்! முன்னால் போ, இந்த வேகத்தில் போ, விளக்கைப் போடு.’

பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் மாதிரிதான். வாத்தியார் கூப்பிடுவது எல்லார் காதிலும் விழும். தன் நம்பர் வரும்போது மட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். இன்ஜினுக்குள் உட்கார்ந்து அப்படிக் காது கொடுத்துக் கேட்கிற பலகைக்குப் பெயர் டீகோடர். கடையிலிருந்து வரும்போது அதன் நம்பர் எப்போதும் 3. எந்தக் கம்பெனி டீகோடராக இருந்தாலும் 3-தான். பிறகு உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி, ஆபரேஷன் தியேட்டருக்குள் போவோம்.

மேஜைமேல் தாத்தா இன்ஜின். மேல்மூடியைக் கழற்றியாயிற்று. முதலில் மல்ட்டிமீட்டர். இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரே ஒரு கணம் கையால் பிடித்து நிறுத்தி, மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவு இன்ஜினுக்கான டீகோடர் பொதுவாக ஓர் ஆம்பியர் சுமார் தாங்கும். அந்தக் காலத்து மோட்டார்கள் பகாசுரன்கள். பார்க்காமல் மாட்டினால் புகைதான்.

அடுத்த ஆபத்து இன்னும் பெரிசு. பழைய இன்ஜின்கள் பலவற்றில் இன்ஜினின் உலோக உடம்பே ஓர் ஒயர். சக்கரத்திலிருந்து வருகிற கரண்ட் உடம்பு வழியாக நேரே மோட்டாரின் ஒரு கார்பன் பிரஷுக்குப் போய்விடும். டீகோடர் வைத்த பிறகு அது கூடவே கூடாது. தண்டவாளத்துக் கரண்ட் டீகோடரைத் தாண்டாமல் மோட்டாரைத் தொடக்கூடாது. எனவே மோட்டாரை உடம்பிலிருந்து முழுக்கப் பிரித்து, சூடு தாங்கும் டேப் ஒட்டி, தனியாக ஒயர் இழுக்க வேண்டும். இந்த ஓரிடத்தில் அசட்டையாக இருந்து டீகோடரை எரித்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

நம்முடையது மெர்க்ளின் ஏசி இன்ஜின் என்பதால் இன்னொரு வேலை பாக்கி. அதன் மோட்டாரில் காந்தமே கிடையாது. காந்தத்தின் வேலையை ஒரு செப்புக் கம்பிச் சுருள் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நிரந்தரக் காந்தம் பொருத்தினால், கரண்டின் திசையை மாற்றியே மோட்டாரின் திசையை மாற்றலாம். டீகோடருக்கு அதுதான் சௌகரியம். மூன்று முனை ஆர்மேச்சரையும் ஐந்து முனையாக மாற்றிவிட்டால் திக்கித் திணறாமல் மெதுவாகப் போகும். அப்புறம் அந்த ரிலே. 24 வோல்ட் உதை வாங்கி வாங்கியே பல வருஷம் உழைத்த ஜீவன். கழற்றினால், காலியாகிற பொந்தில் டீகோடர் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

பிறகு ஒயரிங். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. நீலம் விளக்குகளுக்குப் பொது. அந்தப் பொதுத் தரத்தைப் பின்பற்றுகிற டீகோடர் என்றால், எந்த நாட்டில் வாங்கினாலும் இதே நிறங்கள்! தாத்தா இன்ஜினை ஜெர்மன்காரர் செய்திருக்கலாம். டீகோடரை ஆஸ்திரியாக்காரர் செய்திருக்கலாம். கன்ட்ரோலரை அமெரிக்கர் செய்திருக்கலாம். இவர்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் பொருந்துகிறது.

இப்போது புரிந்திருக்கும். பழைய இன்ஜினைக் காப்பாற்றியது அந்தச் சில்லு என்று தோன்றும். சில்லு ஏற்கெனவே 1979-லும் இருந்தது, அப்போதும் இன்ஜின்களுக்குள் போனது, அவை அநாதையாயின. காப்பாற்றியது சில்லுக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம். 16.5 மில்லிமீட்டர் என்பது ஓர் ஒப்பந்தம். 58 மைக்ரோ விநாடி என்பது இன்னோர் ஒப்பந்தம். ‘என் சரக்கு மட்டும் போதும்’ என்ற ஆசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பலர் ஒத்துக்கொண்ட விஷயங்கள்.

அதன் அருமை 2009-இல் தெரிந்தது. அந்த வருஷம் மெர்க்ளினுக்கு 150-ஆவது பிறந்த நாள். கேக் வெட்ட வேண்டிய வருஷத்தில், பிப்ரவரி மாதம், கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது! எத்தனை வீட்டில் வயிறு கலங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்லவேளையாகப் பிழைத்தது. 2013-இல் இன்னொரு ஜெர்மன் பொம்மைக் குடும்பம் வாங்கிக்கொண்டது. ஒருவேளை பிழைக்காமலே போயிருந்தாலும், வேறு கம்பெனி டீகோடரை மாட்டி அந்த இன்ஜின்களை ஓட்டியிருக்கலாம். இத்தனைக்கும் தனி வழியில் போன மெர்க்ளினின் இன்றைய கன்ட்ரோலர்களே டிசிசி பாஷையும் பேசுகின்றன.

எல்லா இன்ஜினுக்கும் இந்தப் பாக்கியம் உண்டா என்றால், இல்லை. பழைய வார்ப்புகள் சிலவற்றில் துத்தநாகத்தோடு ஈயம் கலந்துவிட்டிருக்கும். வருஷங்கள் போகப் போக உடம்பு வீங்கி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு வைத்தியமே இல்லை. இன்னொரு பக்கம், கைபடாத பழைய பொருளைத் தொடுவதே பாவம் என்கிற கட்சியும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஒயரை வெட்டினால் சேகரிப்பாளர் தருகிற விலையும் வெட்டுப்படும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். கழற்றிய ரிலே, காயில், ஆர்மேச்சர் எல்லாவற்றையும் ஒரு பொட்டலத்தில் கட்டி, பெயர் எழுதி, இன்ஜினின் பழைய அட்டைப் பெட்டியிலேயே போட்டு வைக்கிறார்கள். நாளைக்கு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால், மாற்றிக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் முடிந்தது. முதலில் பரிசோதனைத் தண்டவாளம். அதில் கொஞ்சூண்டு கரண்ட்தான் வரும். ஒயரிங் தப்பாக இருந்தால் எரியாமல் தப்பிக்கலாம். எல்லாம் சரி. இனி அசல் தண்டவாளம்.

கன்ட்ரோலரில் 3 என்று அழுத்துகிறான் பேரன்.

முன்விளக்கு எரிகிறது. அந்தக் காலத்தில் சுவிட்சைத் திருப்பினால் எகிறிப் பாய்ந்த இன்ஜின், இப்போது எறும்பு ஊருகிற வேகத்தில், அசல் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற மாதிரியே நகர்கிறது. பக்கத்துத் தடத்தில் போன வருஷம் வாங்கிய புது இன்ஜின். இரண்டும் ஒரே மின்சாரத்தில், ஒரே பாஷையைக் கேட்டுக்கொண்டு, தனித்தனியாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த டீகோடரும் ஒருநாள் பழசாகும். அப்போது வேறு யாரோ மேல்மூடியைக் கழற்றி, இதை எடுத்துப் பொட்டலம் கட்டி, பழைய ரிலேவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அடுத்த முறை கடையில் ஏதாவது எலெக்ட்ரானிக் சாமான் வாங்கும்போது, வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். “இது வேறு யாரோடயாவது ஒத்துப்போகுமா?”